எச்சரிக்கை வரவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருளா?

கிரிப்டோ சந்தையின் போக்கைக் கண்காணித்து எச்சரிக்கும் நிரல்களை எழுதுவது என் வேலை. ஓர் இரவுப் பணியில், திரையில் இருந்த பிட்காயின் விலை கடைசி இலக்கம்கூட மாறாமல் நின்றது. எச்சரிக்கை எதுவும் வராததால் சந்தை ஓய்ந்திருக்கிறது என்று நம்பிவிட்டேன். தற்செயலாக வேறொரு எக்ஸ்சேஞ்சின் (நாணயங்களை வாங்கி விற்கும் தளத்தின்) விலையைத் திறந்தால், அங்கே சரிவு தொடங்கி வெகு நேரமாகியிருந்தது! எங்களுக்கு விலை வரும் இணைப்பு பதினொரு நிமிடங்களுக்கு முன்பே அறுந்துபோயிருக்கிறது. நிரலோ பழைய விலையையே திரும்பத் திரும்பச் சரிபார்த்து, பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எந்தக் கணக்கிற்கும் நான் முதலில் வைப்பது விலை எச்சரிக்கை அல்ல. கடைசி விலை வந்து முப்பது விநாடிகள் கடந்தால் அடிக்கும் மணி. இரண்டாவது, இரு எக்ஸ்சேஞ்சுகளின் விலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் அடிக்கும் மணி. சந்தை தலைகுப்புற விழும் நேரத்தில்தான் இணைப்புகளும் திணறும். 2021 மே 19 அன்று பிட்காயின் சுமார் 43,000 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை இறங்கியபோது, பெரிய எக்ஸ்சேஞ்சுகளிலேயே பலரால் கணக்கைத் திறக்க முடியவில்லை.

எல்லா நாணயங்களுக்கும் ஒரே எல்லையை வைப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஐந்து சதவீத இறக்கம் பிட்காயினுக்குச் சாதாரணம். ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய ஸ்டேபிள்காயினுக்கு அது பெரும் விபத்து. 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினின் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே சிக்கியிருப்பது தெரிந்ததும், சனிக்கிழமை அதன் விலை 90 சென்ட்டுக்கும் கீழே போனது. வங்கிகளுக்கு வார விடுமுறை உண்டு, இந்தச் சந்தைக்குக் கிடையாது. ஸ்டேபிள்காயினுக்கு அரை சதவீத விலகல், அதுவும் ஐந்து நிமிடம் நீடித்தால் மணி என்று வைக்கிறேன். நொடிப்பொழுது சலனத்துக்கெல்லாம் அலறினால் மூன்றாம் நாளே ஃபோனை அமைதியில் போட்டுவிடுவார்கள்.

யுஎஸ்டிசி சில நாட்களில் மீண்டது. 2022 மே மாதம் இதே போல் விலகத் தொடங்கிய டெராயுஎஸ்டி என்ற இன்னொரு ஸ்டேபிள்காயின் மீளவே இல்லை. எது மீளும், எது மீளாது என்று எந்த எச்சரிக்கையாலும் சொல்ல முடியாது. அதனால் மணி அடித்தால் யார், எவ்வளவு விற்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் என்பதை நிதானமாக இருக்கும் நாளிலேயே எழுதி, அந்த வரியை எச்சரிக்கைச் செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள். கடன் வாங்கி வர்த்தகம் செய்பவர்கள், நாணயத்தின் விலையை விட, எக்ஸ்சேஞ்சே தங்கள் நாணயத்தை விற்றுக் கடனைக் கழித்துக்கொள்ளும் லிக்விடேஷன் விலைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கே மணி வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை நானே இணைப்பைத் துண்டித்துச் சோதிக்கிறேன். ஒருமுறை மணி சரியாக முப்பதாவது விநாடியில் அடித்தது. ஆனால் செய்தி போனது, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் எண்ணுக்கு.