மூலிகை வண்ணம் என்று யார் சொன்னது?

போன மாதம் ஒரு கிராமத்துக் கோயில். மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியம். நான் போய்ச் சேர்வதற்குள் தேங்காய் எண்ணெய் தேய்த்து முடித்திருந்தார்கள். "மூலிகை வண்ணம்தானே சார், எண்ணெய் விட்டா உயிர் வந்துடும்னாங்க" என்றார் ஒரு பெரியவர். இந்த வருடத்தில் இது மூன்றாவது கோயில்.

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புச் சுவரில் பச்சிலைச் சாறு பூசினாலும் இதே கதைதான்: பெரும்பாலான செடிச்சாயங்கள் சுண்ணாம்பின் காரத்தன்மையில் நிறம் மாறும், இல்லையென்றால் வெளுத்துவிடும். அவுரி நீலம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி சுவரில் இருப்பது கல்லும் மண்ணும் கரியும்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலிருந்த சோழர் ஓவியத்தை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பிறகு அதை ஆராய்ந்தவர் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன். அவர் கண்ட நிறப்பொருள்கள் சுண்ணாம்பு, செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், புகைக்கரி போன்றவை. இதில் மூலிகை எங்கே?

ஓவியங்களை ஆராயும் நாங்கள் சோதனைக்கு எடுப்பது கடுகைவிடச் சிறிய துணுக்கு, அதுவும் ஏற்கெனவே உதிரும் விளிம்பிலிருந்து. அதை பிசினில் பதித்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்குகள் தெரியும்: காரை, காவி, கறுப்புக் கோடாகப் புகை, வெள்ளையடிப்பு, அதன்மேல் இன்னொரு நிறம். எக்ஸ்ரே கருவியில் பாதரசம் வந்தால் சாதிலிங்கமா (பாதரசம் கலந்த சிவப்பு) என்று பார்ப்போம். ஆர்சனிக் வந்தால் அரிதாரமா (ஆர்சனிக் கலந்த மஞ்சள்) என்று. டைட்டானியம் வந்தால் பின்னால் பூசியதோ என்று சந்தேகம் வரும்: டைட்டானியம் வெள்ளை 1920களுக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த பெயின்ட். ஆனால் காவி மண்ணிலும் கொஞ்சம் டைட்டானியம் இருக்கும். அதனால் ஒரு தனிமத்தை மட்டும் பார்த்துவிட்டு யாராவது தீர்ப்புச் சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணெய் தேய்த்த இடத்தில் இந்த வேலை பாதியில் நிற்கிறது. காரைக்குள் ஊறிவிட்டது, மேலே புகையும் தூசியும் அப்பிக்கொண்டிருக்கின்றன.

சரி, இனியாவது: எண்ணெய் வேண்டாம், ஈரத்துணி வேண்டாம், வார்னிஷ் வேண்டவே வேண்டாம். சுரண்டாதீர்கள், அதில் நஞ்சும் இருக்கலாம். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும் முன்பே தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அப்புறம், கீழே உதிர்ந்து கிடக்கும் சில்லுகளைப் பெருக்கித் தள்ளாதீர்கள், அய்யா. ஒரு காகித உறையில் போட்டு, எந்தத் தூணுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதி வையுங்கள்.