டெர்னா அணைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

முப்பது வருடம் மண் அணைகளில் வேலை பார்த்திருக்கிறேன். மண் அணை பல நேரங்களில் சொல்லிவிட்டுத்தான் உடையும். அடிவாரத்தில் கசிவு கூடும், தெளிவாக வந்த நீர் கலங்கி வரும். அதைத் தினமும் அளந்து பதிவேட்டில் எழுத ஓர் ஆள் வேண்டும். எங்கள் பக்கம் அவரை லஸ்கர் என்போம். ஒருமுறை அதிகாலையில் ஒரு லஸ்கர் சைக்கிளில் வந்து என் கதவைத் தட்டினார். "சார், தண்ணி கலங்கலா வருது" என்றார். உடனே மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்கத் தொடங்கினோம். கசிந்த இடத்தில் மணலும் ஜல்லியும் அடுக்கினோம். அணை தப்பியது.

கொடுங்கோல் ஆட்சி நடக்கும் நாட்டுக்குள் வெளிநாட்டுப் படைகள் போகலாமா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு 2023ல் அணைகள் உடைந்து வெள்ளத்தில் மூழ்கிய லிபியாவின் டெர்னா நகரம்தான் ஞாபகம் வருகிறது.

டெர்னாவுக்கு மேலே பள்ளத்தாக்கில் இரண்டு அணைகள் இருந்தன. இரண்டும் 1970களில் கட்டியவை. 1998லேயே விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. சர்வாதிகாரி கடாஃபியின் அரசு இழுத்தடித்து, 2007ல்தான் ஒரு துருக்கி நிறுவனத்தோடு பராமரிப்பு ஒப்பந்தம் போட்டது. வேலை தொடங்கியது 2010 அக்டோபரில். சில மாதங்களில் மக்கள் எழுச்சி வெடித்தது, வேலையும் நின்றது. அதாவது, மேற்கத்திய நாடுகளின் குண்டு வீச்சுக்கு முன்பே வேலை நின்றுவிட்டது. இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

அப்புறம் நடந்ததுதான் என் கேள்வி. 2011 மார்ச் 17ல் ஐ.நா. பாதுகாப்பு அவை 1973ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி, பிரேசில் வாக்களிக்கவில்லை. பொதுமக்களைக் காக்கத் தேவையானதைச் செய்யலாம், ஆனால் எந்த வடிவிலும் ஆக்கிரமிப்புப் படை கூடாது என்றது தீர்மானம். கிளர்ச்சியாளர்கள் கையிலிருந்த பெங்காசி நகருக்கு இரக்கம் காட்டமாட்டேன் என்று கடாஃபி வானொலியில் மிரட்டிய நேரம் அது. அன்றிரவு அந்த ஊரில் இருந்திருந்தால் விமானம் வராதா என்று நானும் வானத்தைப் பார்த்திருப்பேன். அந்த மக்களின் பயத்தை ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் பெங்காசியைக் காப்பாற்றியதோடு மேற்கத்திய நாடுகளின் விமானங்கள் நிற்கவில்லை. ஏழு மாதம் பறந்தன. அக்டோபர் 20ல் கடாஃபி கொல்லப்பட்டார். அந்த மாதக் கடைசியில் அந்த நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ, வேலை முடிந்தது என்று அறிவித்துவிட்டுக் கிளம்பியது. ஆட்சியை வீழ்த்தும் அளவுக்குத் தலையிட்டவர்கள், அந்த ஆட்சி சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த பொறியாளரையும் காவல்காரரையும் அடுத்த மாதம் யார் வேலைக்கு அனுப்புவார்கள் என்று யோசிக்கவில்லை. கடாஃபிக்குப் பிந்தைய நாளுக்குத் திட்டமிடாததுதான் தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறு என்று ஒபாமாவே 2016ல் ஒப்புக்கொண்டார்.

2014ல் நாடு இரண்டு அரசுகளாகப் பிளந்தது. டெர்னா கொஞ்ச காலம் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் பிடியில் இருந்தது, பிறகு கிழக்கு லிபியாவின் ராணுவத் தளபதி ஹஃப்தார் படையின் முற்றுகையில் வாடியது. அணைப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியதாகக் கணக்கில் இருந்தது, அணையில் வேலை நடக்கவில்லை. அணைகளுக்கு உடனே பராமரிப்பு தேவை என்று லிபிய நீரியல் ஆய்வாளர் ஒருவர் 2022ல் எழுதியே எச்சரித்தார். 2023 செப்டம்பர் 10 இரவு டேனியல் புயல் கொட்டியது. மேல் அணை உடைந்த வெள்ளத்தைக் கீழ் அணையால் தாங்க முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள்.

பராமரிப்பு நடந்திருந்தாலும் அந்த மழையை அணைகள் தாங்கியிருக்குமா என்று சில பொறியாளர்கள் கேட்கிறார்கள். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் அணையில் கண்காணிப்பும், ஊரைக் காலி செய்யச் சொல்ல ஒரே ஒரு நிர்வாகமும் இருந்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும். அன்று ஓர் அதிகாரி வெளியேறச் சொல்ல, இன்னொருவர் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னதாகத் தப்பியவர்கள் பலர் சொன்னார்கள்.

அதனால் தலையீட்டை ஆதரித்து யார் பேசினாலும் நான் கேட்பது இவ்வளவுதான்: அணைக்கும் மின்நிலையத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மறுநாள் காலை யார் போவார்கள், எத்தனை வருடத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? குண்டு போடும் திட்டத்தோடு சேர்ந்து இதற்கும் பதில் எழுத்தில் இல்லையென்றால், அந்தப் படையெடுப்புக்கு என் ஆதரவு கிடையாது.

2024 ஜூலையில் டெர்னா நீதிமன்றம் அணை உடைந்த வழக்கில் 12 அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அத்தனை பேரும் லிபியர்கள்.