சிவந்த தோலுக்கு மூன்று பெயர்

பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவருக்கு முதுகின் அடிப்பகுதியில் தோல் சிவந்திருக்கிறது. காலை டியூட்டி செவிலியர் கேஸ் ஷீட்டில் 'ரெட்னெஸ்' என்று எழுதுகிறார். மாலையில் வந்தவர் 'பெட் சோர்' (படுக்கைப்புண்) என்கிறார். இரவில் 'ஸ்கின் இன்டாக்ட்' (தோல் கிழியவில்லை) என்று பதிவாகிறது. மூவரும் பார்த்தது ஒரே இடத்தை, பொய் எழுதியவரும் யாருமில்லை. ஆனால் மறுநாள் ரவுண்ட்ஸில் அதைப் படிப்பவருக்குப் புண் வந்ததா, ஆறியதா, வரவே இல்லையா என்று புரியாது.

இதற்கு முறையான பெயர் இருக்கிறது: முதல் நிலை அழுத்தக் காயம், அதாவது படுக்கைப்புண்ணின் தொடக்கம். தோல் கிழிந்திருக்காது, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாது. இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்திருக்கும் அல்லது கொப்புளம் இருக்கும். மூன்றில் கொழுப்புவரை தெரியும், நான்கில் தசையோ எலும்போகூடத் தெரியலாம். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் நம் ஊர் நோயாளிகளுக்குச் சூட்டையும் கடினத்தன்மையையும் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். 'முதல் நிலை' என்று எழுதிவிட்டால் அடுத்து வருபவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்ற தேவை புதிதல்ல. மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் முன்வைத்த திட்டம், 1860இல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் பேசப்பட்டது. 1973இல் அமெரிக்கச் செவிலியர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் கூடி, தாங்கள் கண்டறியும் பிரச்சினைகளுக்குப் பொதுப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் நாண்டா பட்டியல். செவிலியர் செய்யும் வேலைகளுக்கான என்ஐசி பட்டியலை அயோவா பல்கலைக்கழகக் குழு 1992இல் வெளியிட்டது. அப்புறம் உலகச் செவிலியர் மன்றத்தின் ஐசிஎன்பி என்ற செவிலியர் சொல் பட்டியல். இப்போது அது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறியீடு தரும் ஸ்னோமெட் சிடி என்ற பெரிய மருத்துவச் சொல் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது.

ஸ்னோமெடில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு. இங்கே அதைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலையும் அதைப் பயன்படுத்தவே சொல்கிறது. இருந்தும் நான் பார்த்த மென்பொருள்களில் மருத்துவரின் நோயறிதலுக்குக் குறியீடு இருக்கும், செவிலியர் பக்கத்தில் வெறும் எழுதும் பெட்டிதான். அதில் 'ஜெனரல் கண்டிஷன் ஃபேர், நோ ஃப்ரெஷ் கம்ப்ளெய்ன்ட்ஸ்' என்று தினமும் ஒரே வரி. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, புண் வராமலே காப்பாற்றிய உழைப்பு அதில் எங்கே? ஒருவர் 'பொசிஷன் சேஞ்ச்' என்றும் இன்னொருவர் 'பேக் கேர்' என்றும் எழுதினால் கணினி அவற்றைச் சேர்த்து எண்ணாது. எண்ண முடியாத வேலைக்கு ஆள் கேட்டு நிர்வாகத்திடம் போனால் கையில் ஆதாரம் இருக்காது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

எல்லாவற்றையும் குறியீட்டுக்குள் அடைக்கச் சொல்லவில்லை. 'வீட்டுக்குப் போனா யார் பாத்துப்பா?' என்று ஒரு பாட்டி அழுதால், அந்த வார்த்தையை அப்படியே எழுதத்தான் வேண்டும். அதற்குப் பெட்டி இருக்கட்டும்.

மென்பொருள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அழுத்தக் காயத்தின் நிலை, விழும் அபாயம், வலியின் அளவு 0 முதல் 10 வரை: இந்த மூன்றையும் எப்படி எழுதுவது என்று இன்சார்ஜ் சிஸ்டரும் மூன்று ஷிஃப்ட்டினரும் உட்கார்ந்து முடிவுசெய்து, அதை ஷிஃப்ட் மாறும்போது கைமாற்றும் ஹேண்டோவர் தாளில் அச்சடித்துவிடலாம். அப்புறம் மென்பொருள் விற்க ஆள் வரும்போது, செவிலியர் பக்கத்தில் ஸ்னோமெட் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.