வீடெல்லாம் எலுமிச்சை மணம், ரசத்தில் மட்டும் இல்லை

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிரிஸ்பேனில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது லெமன் மிர்ட்டில் என்று ஒரு காய்ந்த இலைத்தூள் பொட்டலம் கொண்டுவந்தானாம். இவரும் ஆசையாக இரண்டு ஸ்பூன் போட்டு ரசத்தைக் கொதிக்கவிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து "என்ன, எலுமிச்சம்பழ சாதமா?" என்று கேட்கும் அளவுக்குத் தெருவரை மணம். ரசத்தை வாயில் வைத்தால் வைக்கோல். பொடி பழசா, இல்லை நான் ஏதாவது தப்பு செய்தேனா என்பது அவர் கேள்வி.

பொடி மேல் குற்றமில்லை அம்மா. தெருவரை போனதே, அதுதான் ரசத்தில் இருந்திருக்க வேண்டிய மணம்.

லெமன் மிர்ட்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டு மரம். பெயரில்தான் எலுமிச்சை, குடும்பம் என்று பார்த்தால் கொய்யா, நாவல், கிராம்பு, தைலமரத்தின் பங்காளி. (நம் கறிவேப்பிலையும் வில்வமும்தான் எலுமிச்சைக்குச் சொந்தம், கேட்டால் நம்பமாட்டார்கள்.) எலுமிச்சை மணம் என்று நாம் சொல்வதற்குக் காரணமான பொருள் சிட்ரல். எலுமிச்சைத் தோல் எண்ணெயில் அது சில சதவீதம்தான், மீதியில் பெரும்பங்கு லிமோனீன். இந்த இலையின் எண்ணெயிலோ பொதுவாக 90 சதவீதத்துக்கு மேல் சிட்ரல். எலுமிச்சைப் புல்லிலும், பாரிசில் இருந்துவிட்டு வந்த நம்மூர் பென்ஷன்காரர் வீடுகளில் குடிக்கும் வெர்வேன் இலைத் தேநீரிலும் இருப்பது இதே ஆள்தான்.

எண்ணெய் இலைக்குள் குட்டிக் குட்டிப் பைகளில் இருக்கும். ஒரு நாரத்தை இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள் தெரியும். நிழலில் காயவைத்தால் தண்ணீர் போய்விடும், பையில் இருப்பது பெரும்பாலும் தங்கிவிடும். சரி, இது வரைக்கும் சுலபம்.

சிட்ரலின் கொதிநிலை சுமார் 229 டிகிரி. ரசம் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அப்புறம் எப்படிச் சிட்ரல் பறந்தது? கல்லூரி ஆய்வகத்தில் முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்குக் கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது, இன்றும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. திரவத்திலிருந்து கிளம்பும் ஆவியின் அழுத்தம், மேலே உட்கார்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமானால் கொதிக்கும்; பள்ளியில் படித்ததுதான். தண்ணீரும் எண்ணெயும் கலக்காது, அதுவும் தெரிந்ததுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேடிக்கை. கலக்காததால் தண்ணீர், பக்கத்தில் சிட்ரல் இருப்பதையே கண்டுகொள்ளாமல் தன் முழு அழுத்தத்தையும் கொடுக்கிறது, சிட்ரலும் தன்னால் ஆன சொற்பத்தைக் கொடுக்கிறது, இரண்டும் கூட்டுச் சேர்ந்து காற்றை ஜெயித்துவிடுகின்றன. கலவை 100 டிகிரிக்கு ஒரு மயிரிழை கீழேயே கொதிக்க, 229 டிகிரி ஆசாமி ஓசி டிக்கெட்டில் நீராவியோடு ஏறிப் போய்விடுகிறார். எண்ணிக்கையில் கொஞ்சம் மூலக்கூறுகள்தான் போகும், ஆனால் தண்ணீர் மூலக்கூறின் எடை 18 என்றால் சிட்ரலுக்கு 152, அதனால் எடையில் நஷ்டம் பெரிது. நீலகிரியில் தைல இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பதும் இதே வித்தைதான். அவர்கள் அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள், நீங்கள் ஜன்னல் வழியாக அனுப்பிவிட்டீர்கள்.

போதாக்குறைக்குப் புளி வேறு. அமிலம் சிட்ரலை மெல்ல மெல்ல வேறு பொருளாக மாற்றிவிடும், சூட்டில் இன்னும் வேகமாக. நாள்பட்ட எலுமிச்சை சர்பத்தில் ஒரு கெட்டுப்போன வாடை வருமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இலைத் தேநீர் புற்றுநோயைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆய்வகக் குடுவையில் இருக்கும் செல்லை ஏதோ ஒன்று கொன்றால் அது மருந்தாகிவிடாது, பினாயில்கூடக் கொல்லும். மனிதர்களிடம் முறையாகச் சோதிக்க வருடக்கணக்கும் பெரும் பணமும் வேண்டும். அதற்கு நிதி கேட்டால் முகம் சுளிப்பவர்கள்தான் வதந்தியை நாலு குழுவுக்கு அனுப்புகிறார்கள் என்பது என் எரிச்சல்.

இனி இப்படிச் செய்யுங்கள். ரசத்தை இறக்கியபின், இளஞ்சூடான நெய்யில் அரை ஸ்பூன் பொடியைக் குழைத்து ஊற்றி உடனே மூடிவிடுங்கள். சிட்ரல் நெய்யில் நன்றாகக் கரையும், கரைந்தால் அவ்வளவு சுலபமாகக் கிளம்பாது. நம் வேப்பிலைக்கட்டியிலும் நாரத்தை இலையை அடுப்பில் ஏற்றாமல் அப்படியே இடிக்கிறோம், யாரும் கொதிக்கவைப்பதில்லை.

மீதிப் பொடியைப் பால் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் பால் திரிந்துவிடும். சிட்ரலில் மணம் உண்டு, புளிப்பு கிடையாது, அதனால் இறக்கிவைத்த பாயசத்தில் தைரியமாகத் தூவலாம்.