ஸ்பீக்கரின் முதுகில் ஒரு பித்தளைத் தகடு

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால், ஒயர் மாட்ட இரண்டு முனைகளுக்குப் பதிலாக நான்கு இருக்கும். மேலே ஒரு சிவப்பு, ஒரு கருப்பு. கீழேயும் அதே ஜோடி. இரண்டு சிவப்பையும் ஒரு சின்னப் பித்தளைத் தகடு சேர்த்துப் பிடித்திருக்கும், கருப்புக்கும் அப்படியே. முனையை விரலால் தளர்த்தினாலே தகடு கழன்று கையோடு வந்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, தகடுகளை எடுத்துவிடுங்கள். மேல் ஜோடிக்கு மட்டும் ஒயர் கொடுத்து, சத்தத்தைக் குறைவாக வைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். பாடுகிறவரின் குரல் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். 'ஸ்', 'ஷ்' என்ற சீறலும் சிம்பலின் மினுமினுப்பும் மட்டும் மெலிதாகக் கேட்கும். அதுதான் ட்வீட்டரின், அதாவது உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரின், பங்கு. ஒயரைக் கீழ் ஜோடிக்கு மாற்றினால் பாட்டு திரும்பி வரும், ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக. அது வூஃபர், தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர். பாட்டின் சக்தியில் பெரும்பகுதி கீழேதான் இருக்கிறது என்பது இந்த ஒரு சோதனையிலேயே காதுக்குப் புரிந்துவிடும்.

பங்கு பிரித்துக் கொடுப்பது பெட்டிக்குள் இருக்கும் கிராஸோவர். காயில் தாழ்ந்த அதிர்வெண்களை விட்டுவிட்டு உயர்ந்தவற்றைத் தடுக்கும். கெபாசிட்டர் அதற்கு நேர்மாறு. இந்த அளவுப் பெட்டிகளில் பிரிவு பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் நடக்கும்.

சரி, நான்கு முனை இருக்கிறதே, மேலே ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), கீழே ஒரு ஆம்ப் கொடுத்தால் என்ன? இதுதான் பை-ஆம்பிங். இரண்டு ஆம்ப் என்றால் சக்தி இரட்டிப்பாகும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே சறுக்குகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எந்த ஆம்புக்கும் அதிகபட்ச வோல்டேஜ் ஒன்று உண்டு. அதைத் தாண்டிக் கேட்டால் அலையின் உச்சி மழுங்கித் தட்டையாகிவிடும். காதில் அது கரகரப்பாக விழும். இப்போது ஒரு கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கரில் 25 வாட் கொடுக்க உச்சத்தில் 20 வோல்ட் வேண்டும். தாழ்ந்த சுரம் ஒன்று 20 வோல்ட், உயர்ந்த சுரம் ஒன்று 20 வோல்ட் என்று ஒரே ஆம்ப் வழியாகப் போனால், இரண்டின் உச்சியும் சேரும் நொடியில் 40 வோல்ட் தேவை. அதற்கு 100 வாட் ஆம்ப் வேண்டும். தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு 25 வாட் ஆம்ப்களே போதும். பை-ஆம்பிங்கின் ஈர்ப்பு முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் இது பலிக்க வேண்டுமென்றால், பிரிப்பது ஆம்புக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். தகட்டைக் கழற்றி இரண்டு ஆம்ப் மாட்டும்போது கிராஸோவர் இன்னும் பெட்டிக்குள்தான், ஆம்புக்குப் பின்னால்தான், இருக்கிறது. இரண்டு ஆம்புக்குள்ளும் முழுப் பாட்டும் போகிறது. மேல் ஆம்ப் தரும் மின்னோட்டம் குறையும், உண்மை, வோல்டேஜ் குறையாது. டிரம்மின் ஒரு பலத்த அடி வந்தால் கீழ் ஆம்ப் மழுங்கும் அதே கணத்தில் மேல் ஆம்பும் மழுங்கும். அப்படி மழுங்கும்போது பிறக்கும் உயர் அதிர்வெண் குப்பை நேராக ட்வீட்டருக்குப் போய்ச் சேரும்.

மின்னோட்டச் சுமை பகிரப்படுவதால் திணறுகிற ஆம்புக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். அவ்வளவுதான். ஏவி ரிசீவரில் (பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஹோம் தியேட்டர் ஆம்பில்) சும்மா கிடக்கும் இரண்டு சானல்களை இதற்குத் திருப்பிவிடும் வசதி பலவற்றில் உண்டு. அங்கே எல்லாச் சானலுக்கும் பவர் சப்ளை ஒன்றே என்பதால் அந்த மூச்சும் பாதிதான். என்னைக் கேட்டால், அந்த ஒயர் செலவில் ஸ்பீக்கருக்கு நல்ல ஸ்டாண்ட் வாங்கி வைப்பது மேல்.

இருந்தாலும் செய்து பார்க்க ஆசையா? தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் தகடுகளைக் கழற்ற மறக்கக் கூடாது. ஆம்பின் உள் எதிர்ப்பு மிகச் சிறியது. ஒவ்வொன்றும் 0.1 ஓம், இரண்டின் வெளியீட்டுக்கும் இடையே 1 வோல்ட் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், தகடு வழியாக ஒரு ஆம்பிலிருந்து இன்னொன்றுக்கு 5 ஆம்பியர் பாயும். அதில் ஆம்ப் எரிந்துபோகவும் கூடும். அப்புறம், இரண்டும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. ஒன்று 26 டெசிபல் பெருக்கி, மற்றது 29 டெசிபல் பெருக்கினால், அந்த 3 டெசிபலும் அப்படியே ட்வீட்டரிலோ வூஃபரிலோ தூக்கலாகத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு ஸ்டீரியோ ஆம்ப் இருந்தால், இடது பெட்டிக்கு ஒன்று, வலது பெட்டிக்கு ஒன்று என்று வைத்துவிடலாம்.

உண்மையான பலன் ஆம்புக்கு முன்னால் வைக்கும் ஆக்டிவ் கிராஸோவரில் இருக்கிறது. பாட்டு சின்ன சிக்னலாக இருக்கும்போதே பிரிந்துவிடும். ஒவ்வொரு ஆம்புக்கும் அதன் பங்கு மட்டும் போகும். வூஃபருக்கும் ஆம்புக்கும் நடுவே காயில் இல்லாததால் வூஃபரின் அசையும் கூம்பின் மேல் ஆம்பின் பிடி இறுகும். இதில் பரவலாகப் பயன்படும் வடிவம் லிங்க்விட்ஸ்-ரைலி. 1976-இல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது, ரஸ் ரைலியின் பங்களிப்போடு. பிரியும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் இறங்கியிருக்கும், கூட்டினால் சமதளமாகிவிடும். அழகான வேலை!

ஆனால் இதற்குப் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் கிராஸோவரை விலக்க வேண்டும். அதை வடிவமைத்தவர் அந்த டிரைவர்களுக்கென்றே (ட்வீட்டர், வூஃபர்) செய்திருந்த திருத்தங்களும் அதோடு போய்விடும். மைக் வைத்து அளந்து அவற்றை மறுபடி கட்ட வேண்டும். ட்வீட்டருக்கு இருந்த கெபாசிட்டர் காவலும் போய்விடும். அதனால் அதன் ஒயரில் தனியாக ஒரு கெபாசிட்டரைப் போட்டுவிடுங்கள். ஆன் செய்யும்போது கிராஸோவர் முதலில், ஆம்ப்கள் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்கள் முதலில்.