அந்த பாட்டிலை இன்றைக்கே திறந்துவிடுங்கள்

போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். பையிலிருந்து ஒரு ஒயின் பாட்டிலைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து மேசையில் வைத்தார்கள். கல்யாணப் பரிசாக வந்ததாம். 15ஆவது மணநாளுக்குத் திறக்க வேண்டும் என்று இத்தனை வருடமும் ஃபிரிட்ஜின் தலைமேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "மேடம், இப்போ இது என்ன விலை போகும்?" என்று கணவர் கேட்டார். லேபிளைப் பார்த்தேன். பொஜொலே நூவோ.

நூவோ என்றால் பிரெஞ்சில் புதிது. பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பிரான்சின் பொஜொலே பகுதியில் பறித்த திராட்சை, அதே ஆண்டு நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை ஒயினாகக் கடைக்கு வந்துவிடும். சில மாதங்களுக்குள் குடித்து முடிப்பதற்கென்றே செய்வது. அதைத்தான் 15 வருடம் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

திறந்தோம். செங்கல் பொடியைக் கரைத்த நிறம். மூக்கருகே கொண்டுபோனால், நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிள். அதன் பின்னால் லேசாகக் காடி. அந்தப் பெண் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இந்த வருடத்தில் என் மேசைக்கு இப்படி வந்த நான்காவது பாட்டில் இது. இனியும் சும்மா இருந்தால் சரிப்படாது.

மலிவு ஒயின்களை ருசி பார்ப்பது என் பிழைப்பு. விலை உயர்ந்தவற்றுக்குப் புகழ் பாட ஆள் நிறைய உண்டு. அடித்தட்டில் வரிசையாக நிற்பவற்றில் எது தேறும் என்று பொறுக்குவது என் பங்கு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மலிவு ஒயினுக்குத் தயாரிப்பாளர் செய்யும் கெடுதலைவிட, வாங்கியவர் மரியாதை கொடுப்பதாக நினைத்துச் செய்யும் கெடுதல்தான் அதிகம்.

"ஒயின் பழசாக ஆகத்தான் ருசி." இந்த ஒரு வாக்கியம் கெடுத்த பாட்டில்களுக்குக் கணக்கே கிடையாது. பழசானால் மெருகேறும் ஒயின்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. இத்தாலியின் பரோலோ, பிரான்சின் போர்தோ பகுதிப் பெரிய பண்ணைகளின் ஒயின், போர்ச்சுகலின் இனிப்பான வின்டேஜ் போர்ட், ஜெர்மனியின் நல்ல ரீஸ்லிங். வயதைத் தாங்கும் சரக்கு அவற்றுக்குள் இருக்கிறது. சிலவற்றில் ஏராளமான டேனின், சிலவற்றில் கூர்மையான புளிப்பு, சிலவற்றில் சர்க்கரை. டேனின் என்றால் வேறொன்றுமில்லை, கடுந்தேநீர் குடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. வருடக்கணக்கில் அது அடங்கி மென்மையாகும்போது அடியில் இருந்த மற்ற வாசனைகள் மேலே வரும். அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

மலிவு ஒயினில் அடங்குவதற்கு என்ன இருக்கிறது? வாங்கிய அன்று மாலையே தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்று, துவர்ப்பைக் குறைத்துப் பழ வாசனையை முன்னே நிறுத்திச் செய்தது அது. அந்தப் பழ வாசனைதான் முதலில் கிளம்பிப் போகும். அது போனபின் மிஞ்சுவது புளிப்பும் ஆல்கஹாலும். விதையைப் பத்திரப்படுத்தலாம், பூவைப் பத்திரப்படுத்த முடியுமா?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "நல்லாதான் வெச்சிருந்தேன் மேடம், வெயிலே படல." நன்றாக வைத்தால் கெடுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். இல்லாத சரக்கு இருட்டில் முளைக்காது. ஃபிரிட்ஜின் தலைமேல் என்பது நன்றாக வைத்ததும் இல்லை. அங்கே சூடு, அதிர்வு. போதாததற்கு நிறுத்தி வைத்தால் வருடக்கணக்கில் கார்க் காய்ந்து காற்று உள்ளே போகும்.

என் கணக்கு இது. மலிவான வெள்ளை, இளஞ்சிவப்பு ரோஸே என்றால் அறுவடை ஆண்டிலிருந்து 2 வருடம். சிவப்பு என்றால் 3, மிஞ்சினால் 4. விதிவிலக்குகள் உண்டு. அடிவண்டலோடு வைத்திருந்து பாட்டிலில் அடைத்த மஸ்கடே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின் இன்னும் கொஞ்சம் தாங்கும், ரீஸ்லிங் அதைவிடத் தாங்கும். உங்கள் கையில் இருப்பது விதிவிலக்கு என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். லேபிளில் ஆண்டைப் படிக்கும்போது தேசத்தையும் பாருங்கள். சிலி, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஐரோப்பாவில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஒரே ஆண்டு அச்சிட்ட இரண்டு பாட்டில்களில் தெற்கத்தியது அரை வருடம் மூத்தது. ரோஸேயை நிறம் தெரியட்டும் என்று வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் அடைக்கிறார்கள். அதைக் கடை விளக்கு நேராக விழும் இடத்திலிருந்து எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டுப்பட்டு வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வந்துவிடும்.

பெட்டி ஒயினை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டிக்குள் பை வைத்து ஒயின் அடைப்பதற்கு 1965இல் காப்புரிமை வாங்கியவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ். ஊற்ற ஊற்றப் பை சுருங்கும், காற்றுக்கு இடமில்லை. திறந்தபின் சில வாரங்கள் நிற்கும். திறந்த பாட்டில் அப்படி நிற்காது. ஆனால் திறக்காத பெட்டியின் ஆயுள் பாட்டிலைவிடக் குறைவு, ஒரு வருடம்கூடத் தாங்காது. பக்கவாட்டில் தேதி அடித்திருக்கும், படியுங்கள்.

சரி, ருசி பார்ப்பதற்கு வருவோம். முதலில் விலையை மறையுங்கள். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். 2008இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் ஒரே ஒயினை ஒருமுறை 90 டாலர் என்றும் இன்னொருமுறை 10 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது அது அதிகம் பிடித்தது. மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியே கூடுதலாக வேலை செய்தது. "எனக்கு அதெல்லாம் பாதிக்காது" என்று நினைக்கிறீர்களா? போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளில் அதை வர்ணித்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு. நடுவர்களுக்கும் இது பொருந்தும், என்னையும் சேர்த்துத்தான்.

கிளாஸ் விளிம்பில் வழியும் கோடுகளைக் காட்டித் தரம் சொல்பவர்களை நான் இப்போதெல்லாம் திருத்துவதில்லை. அது ஆல்கஹாலின் வேலை. அதிகம் இருந்தால் அதிகம் வழியும்.

மலிவு ஒயினில் நான் முதலில் தேடுவது சுத்தம். கெட்ட வாடை இல்லையா? சொன்ன திராட்சையின் வாசனை வருகிறதா? விழுங்கியபின் வாயில் கசப்பு தங்குகிறதா, ஆல்கஹால் எரிகிறதா? அப்புறம்தான் மற்றதெல்லாம். அதனதன் இனத்தோடு வைத்துப் பாருங்கள். போர்ச்சுகலின் வின்யோ வெர்தேயைக் குடித்துவிட்டு "கனமே இல்லையே" என்று ஒருவர் மதிப்பெண் குறைத்தார். அது லேசாக, புளிப்பாக, நாக்கில் லேசாகச் சுருக்கென்று இருக்க வேண்டிய ஒயின். கனம் வேண்டுமென்றால் ஸ்பெயினின் கலதாயுத் பக்கத்து கார்னாச்சா திராட்சைச் சிவப்பு ஒயினைத் தேடியிருக்க வேண்டும். இத்தாலிய லேபிளில் இன்னொரு கண்ணி: மொன்டெபுல்சியானோ தாப்ருட்சோ என்பதில் மொன்டெபுல்சியானோ திராட்சையின் பெயர், வீனோ நோபிலே தி மொன்டெபுல்சியானோ என்பதில் அது ஊரின் பெயர், உள்ளே இருப்பது பெரும்பாலும் சாஞ்சொவேசே என்ற வேறு திராட்சை. ஒன்றை வாங்கி மற்றதோடு ஒப்பிட்டு ஏமாந்தேன் என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் வாயிலேயே "ஆகா, என்ன மென்மை!" என்று சொல்ல வைக்கும் மலிவு சிவப்பு ஒயினிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. முரட்டுத்தனத்தை மறைக்கச் சர்க்கரையை விட்டுவைப்பது பழைய வித்தை. மூன்றாவது வாயில் திகட்டும். மதிப்பெண்ணை அதுவரை எழுதாதீர்கள்.

"கார்க் கெட்டது" என்றால் கார்க் தூள் மிதப்பது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். தூளை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாம். கார்க் வாடை என்பது வேறு: நனைந்த அட்டைப்பெட்டி, ஈரம் காயாத நிலவறை. டிசிஏ என்ற வேதிப்பொருள், ஒரு லிட்டரில் சில நானோகிராம் போதும், பழ வாசனையை அமுக்கிவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது; ஆனாலும் தயங்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள். அடியில் பளபளக்கும் துகள்களைக் கண்ணாடித் தூள் என்று பயந்து கொண்டுவருபவர்களும் உண்டு. திராட்சையிலேயே உள்ள டார்டாரிக் அமிலம் குளிரில் படிந்த உப்பு அது.

உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு என்றால், யார் செய்தார்கள் என்றே தெரியாத, சீல் இல்லாத சரக்குக்கு. 1986இல் இத்தாலியில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனாலை எந்த நிபுணரின் மூக்கும் கண்டுபிடிக்காது, என் மூக்கும்தான். லேபிள் இல்லாததை ருசி பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: துப்புங்கள். ஆறு பாட்டில் ருசி பார்க்கும் கூட்டத்தில் துப்புவது அநாகரிகம் என்று விழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நாலாவதிலேயே நாக்கு போய்விடும். ஆறாவதுக்குத்தான் எப்போதும் முதல் பரிசு. நாங்கள் ஒரு நாளில் 60, 70 கிளாஸ் பார்ப்பது துப்புவதால்தான். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், வண்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது கிளாஸை நீட்டினால், பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டதை நினைவில் வையுங்கள். ருசிக்காகக் குடிப்பவர் ருசிக்காக என்றே சொல்லலாமே.

அந்தத் தம்பதி நேற்று போன் செய்தார்கள். வீட்டில் இன்னொன்று இருக்கிறதாம், ரோஸே, கண்ணாடி அலமாரியில், 6 வருடமாக, விளக்குக்கு நேர் கீழே. "இன்னைக்கே திறந்துடட்டுமா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டார். திறந்துவிடுங்கள், ஆனால் பக்கத்தில் வேறொரு பாட்டிலும் தயாராக இருக்கட்டும் என்றேன்.