எக்ஸ்ரெஃப்: தமிழில் புறச்சுட்டு

"எக்ஸ்ரெஃப்பா வச்சிருக்கேன், தயவுசெஞ்சு பைண்ட் பண்ணிடாதீங்க" என்பது கட்டட வரைபடம் போடும் அலுவலகங்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. 'எக்ஸ்டர்னல் ரெஃபரன்ஸ்' என்பதன் குறுக்கம்தான் எக்ஸ்ரெஃப். ஒரு கோப்பில் இன்னொரு கோப்பு தெரியும், ஆனால் அதன் நகல் உள்ளே இருக்காது (பைண்ட் பண்ணினால் உள்ளேயே சேர்ந்துவிடும்). அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்கிற பாதையை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் மென்பொருள் அங்கே போய் எடுத்துவந்து காட்டும். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இந்த வசதி 1990-இல் வெளியான 11ஆம் பதிப்பில் வந்தது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தன் கோப்பில் ஒரு தூணை நகர்த்திச் சேமித்தால், ஆர்க்கிடெக்ட் தன் கோப்பை அடுத்த தடவை திறக்கும்போது தூண் நகர்ந்திருக்கும்.

  

ரெண்டரிங்கிலும், அதாவது கணினி மாதிரியைப் படமாக்கும் வேலையிலும், இதே கதைதான். ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் கட்டிய மாதிரியை, ரெண்டர் செய்யப் பயன்படும் 3டிஎஸ் மேக்ஸுக்குள் வெறும் இம்போர்ட்டாகக் கொண்டுவந்தால் அந்த நிமிடத்தோடு இரண்டுக்கும் உறவு முடிந்தது, ரெவிட்டில் ஜன்னல் மாறினால் மேக்ஸில் மறுபடி முதலிலிருந்து. லிங்க்காகக் கொண்டுவந்தால் ரீலோட் கொடுத்தால் போதும். அப்படி ரீலோட் செய்யும்போது, மேக்ஸில் நீங்கள் மாற்றிக்கொடுத்த மெட்டீரியல்களை (மரம், கண்ணாடி போன்ற பரப்புகளின் தோற்றத்தை) அப்படியே வைத்திருக்கவும் தெரிவு உண்டு, அதைக் கவனிக்காமல் ரீலோட் செய்துவிட்டால் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த மரமும் கண்ணாடியும் போய் ரெவிட்டின் பழைய மெட்டீரியலே வந்து நிற்கலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே இருக்கிறது: அப்பெண்ட் என்றால் நகல், லிங்க் என்றால் சுட்டு. லிங்க்காக வந்த மெட்டீரியலின் நிறத்தை இந்தக் கோப்பில் நேரடியாகத் தொட முடியாது, மூலக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரே செங்கல் மெட்டீரியலை வைத்துக்கொள்கிறவருக்கு இது தொல்லை இல்லை, இதுதான் வசதியே.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் 'இணைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பையும் நாம் இணைப்பு என்றுதான் சொல்கிறோம், அது நகல். புதிதாகப் படிக்க வருகிற பையனிடம் 'இணைத்திருக்கிறேன்' என்றால் கோப்பு உள்ளேயே இருக்கிறது என்று நினைத்து மெயின் ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவான், அங்கே திறந்தால் பாதி வரைபடம் காணாமல் போயிருக்கும். சுவருக்குத் தோற்றம் தரும் படக்கோப்புகளின் பாதை அறுந்தால் பிளெண்டர் சுவரையெல்லாம் அடர் ரோஸ் நிறத்தில் காட்டும், தெருக்கோடியிலிருந்தே தெரியும்.

'புறச்சுட்டு' என்று சொல்லலாம் என்பது என் கட்சி. பள்ளி இலக்கணத்தில் படித்ததுதான். 'அவன்' என்பதில் அகரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் 'வன்', அதற்குப் பொருள் இல்லை, ஆகவே அகச்சுட்டு. 'அம்மலை' என்பதில் சுட்டை எடுத்தாலும் மலை மலையாகவே நிற்கும், அது புறச்சுட்டு. எக்ஸ்ரெஃப்பின் நடத்தை அச்சு அசலாக இதுதான்: டிடாச் செய்து கழற்றினாலும் உங்கள் கோப்பு முழுசாக நிற்கும், கழற்றிய கோப்பும் தன் இடத்தில் அப்படியே இருக்கும். இலக்கணச் சொல்லை எடுத்தால் குழம்பாதா என்று கேட்கலாம். வரைபடக்காரரும் தமிழாசிரியரும் ஒரே வாக்கியத்தில் அதைப் பயன்படுத்தப்போவதில்லை, குழம்பாது.

இந்த வழியில் போனால் பைண்டுக்கும் சொல் கிடைத்துவிடுகிறது, 'அகப்படுத்தல்'. வெளியே இருந்ததை உள்ளே கொண்டுவந்து நிரந்தரமாக்குவது. ஆட்டோகேடில் சுட்டாக இருக்கும்வரை லேயரின் (வரைபட அடுக்கின்) பெயர் 'பிளான்|வால்' என்று நடுவில் ஒரு கோட்டோடு இருக்கும். வழக்கமான பைண்ட் கொடுத்தபின் அது 'பிளான்$0$வால்' என்று ஆகிவிடும். யாரோ அகப்படுத்திவிட்டார்கள் என்பதை அந்த டாலர் குறியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மெட்டீரியலைப் 'பொருள்' என்று எழுதுவதில்தான் இன்னும் சிக்கல், ஆப்ஜெக்டும் பொருள்தான், மீனிங்கும் பொருள்தான். ரெவிட் மெட்டீரியலில் தோற்றம், வலிமை, வெப்பக்கடத்தல் எல்லாம் தனித்தனித் தாவலாக இருக்கும், ரெண்டருக்கு அதில் தோற்றம் மட்டும் போதும். அதனால் ரெண்டரிங் பற்றி எழுதும்போது 'பரப்புத் தோற்றம்' என்றே எழுதிவிடுகிறேன், கட்டுமானம் பற்றி எழுதும்போது கட்டுமானப் பொருள். அலுவலகத்தில் பேசும்போது? மெட்டீரியல்தான்.